பழைய பஜேரோவின் வெக்கியூம் பகுதிகளைத் திருத்துதல்: முழுமையான வழிகாட்டி

கியர்க் கம்பத்தை 2எச் (பின்சில்லுகள் மட்டும் இழுக்கும்) நிலையிலிருந்து 4எச் (நான்கு சில்லுகளும் இழுக்கும்) நிலைக்கு மாற்றிய பின்னரும் டாஷ்போட்டில் முன்சில்லு விளக்குகள் நிலைத்து எரியாமல் மினுங்கிக்கொண்டே இருக்கின்றன; பிறேக் மிதி முன்பைவிடக் கடினமாகிவிட்டது; குளிரூட்டியைப் போட்டதும் எஞ்சின் வேகம் விழுந்து வாகனம் நடுங்குகிறது. இம்மூன்றும் வெவ்வேறு கோளாறுகள் போலத் தோன்றினாலும், பழைய டீசல் பஜேரோவில் மூன்றையும் இயக்குவது ஒரே வெக்கியூம், அதாவது வெற்றிடத்தின் உறிஞ்சல்தான். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பாகம் வாங்குவதற்கு முன்னர், அந்த உறிஞ்சல் எங்கே பிறந்து எந்த வழியாகப் போகிறது என்பதை வரிசையாகத் தேடுவதே பணத்தையும் நாட்களையும் மிச்சப்படுத்தும்.

இந்த வழிகாட்டி 1991 முதல் 1999 வரை வந்த இரண்டாம் தலைமுறை மிட்சுபிஷி பஜேரோவை, குறிப்பாக 4டி56 டீசல் எஞ்சினும் சூப்பர் செலெக்ட் நான்குசில்லு இழுவையும் உள்ள வாகனத்தை மனதில் வைத்து எழுதப்பட்டது. அதே காலத்து லேண்ட் குரூஸர், ஹைலக்ஸ் வாகனங்களுக்கும் தேடும் வரிசை இதுவே. வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. உறிஞ்சல் செல்லும் பாதையை முதலில் மனதில் பதியுங்கள்

பெற்றோல் எஞ்சினில் உள்ளிழுக்கும் குழாயிலேயே வெற்றிடம் கிடைத்துவிடும். டீசல் எஞ்சினில் அவ்வாறு கிடைப்பதில்லை. அதனால் தனியாக ஒரு வெக்கியூம் பம்பு வேண்டும். 4டி56 எஞ்சினில் அது பற்றரியை ஏற்றும் அல்ரனேற்றரின் பின்பக்கத்தில், அதன் அச்சாலேயே சுழலும்படி பொருத்தப்பட்டிருக்கிறது. எஞ்சின் ஒயில் அதற்குள் சென்று உராய்வைத் தணித்துவிட்டு மீண்டும் கீழே வடிகிறது.

பம்பிலிருந்து தடித்த குழாய், பிறேக் மிதியை அழுத்த உதவும் பிறேக் பூஸ்டருக்குப் போகிறது. அதிலிருந்து பிரியும் மெல்லிய குழாய்கள் செக் வால்வு (காற்றை ஒரு திசையில் மட்டும் விடுவது), சேமிப்புத் தொட்டி, சொலனொயிட் வால்வுகள் (மின்சாரத்தால் திறந்து மூடுபவை) ஆகியவற்றைக் கடந்து முன் அச்சிலுள்ள அக்சுவேற்றரை அடைகின்றன. அக்சுவேற்றர் என்பது நடுவே இறப்பர் டயபிரம் (மெல்லிய திரை) உள்ள, குழாய் மாட்டும் இரண்டு மூக்குகள் கொண்ட ஒரு மூடிய கூடு; ஒரு மூக்கில் உறிஞ்சினால் தண்டு ஒரு பக்கம் நகர்ந்து முன் அச்சை இணைக்கும், மற்ற மூக்கில் உறிஞ்சினால் எதிர்ப்பக்கம் நகர்ந்து விடுவிக்கும்.

புதியவர்கள் பெரும்பாலும் இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியிலிருந்து தொடங்குகிறார்கள். விளக்கு மினுங்குகிறது என்றால் அக்சுவேற்றர் போய்விட்டது என்று முடிவு செய்து, கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய அக்சுவேற்றர் ஒன்றைத் தேடி வாங்கி, துருப்பிடித்த போல்ட்டுகளோடு அரை நாள் போராடி மாற்றுகிறார்கள். விளக்கு அப்போதும் மினுங்குகிறது. என் நண்பர் ஒருவர் இப்படி இரண்டு அக்சுவேற்றர்கள் வாங்கிய பின்னர், பற்றரித் தட்டின் அடியில் விரல் நீளமுள்ள ஒரு குழாய் வெடித்திருந்ததைக் கண்டோம். பிறப்பிடத்திலிருந்து கடைசி வரை போவதுதான் சரியான திசை.

2. தொடங்குமுன் சேர்த்து வைக்க வேண்டியவை

மிக அவசியமானது, அளவுமானி பொருத்திய கைவெக்கியூம் பம்பு. வாயால் உறிஞ்சிப் பார்த்தால் கசிவு இருக்கிறதா என்பது ஓரளவு தெரியலாம். எவ்வளவு என்பது தெரியாது. அத்தோடு குழாய்க்குள் இருக்கும் ஒயிலும் தூசியும் வாய்க்குள் வரும். இந்த ஒரு கருவியை இரவல் வாங்கியாவது வைத்திருந்தால்தான் இவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

இதற்கு அடுத்தபடியாக, குழாய்களின் இடையில் மானியைப் பொருத்துவதற்கு வெவ்வேறு அளவில் இரண்டு மூன்று 'ரீ' இணைப்புகள், மின்சாரத்தை அளக்கும் மல்ரிமீற்றர், குழாய் வாய்களை அடைப்பதற்குப் பொருத்தமான சிறு போல்ட்டுகள், மறைப்பு ரேப், அழியாத பேனா, சிலிக்கோன் கிறீஸ், கூரான பிளேட் ஆகியவை வேண்டும். வாகனத்தின் அடியில் வேலை செய்ய உறுதியான ஜாக் தாங்கிகள் இரண்டும் சில்லுக்கு முட்டுக்கொடுக்கக் கட்டைகளும் தேவை. ஜாக்கை மட்டும் நம்பி ஒருபோதும் அடியில் போகாதீர்கள்.

குழாய் வாங்குவதில்தான் அதிகமான தவறுகள் நடக்கின்றன. பழைய குழாயின் ஒரு துண்டை வெட்டிக் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். ஆனால் அதன் விரிந்துபோன வாயை அளக்காமல் நடுப்பகுதியின் உள்விட்டத்தை அளந்து வாங்குங்கள். முப்பது ஆண்டு மூக்கில் இருந்த வாய் எப்போதும் பெரிதாகியே இருக்கும். பூஸ்டருக்குப் போகும் தடித்த குழாய்க்கு, பிறேக் வெக்கியூம் குழாய் என்று கேட்டு, உள்ளே நூல் வலுவூட்டப்பட்டதை வாங்குங்கள். றேடியேற்றர் பக்கத்து வெந்நீர்க் குழாய் உள்ளிருந்து தள்ளும் அழுத்தத்தைத் தாங்கும். உறிஞ்சும்போது சூட்டில் மென்மையாகி உள்நோக்கி ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கும், எனவே இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

வண்ணவண்ணமாகக் கிடைக்கும் சிலிக்கோன் குழாய்களைப் பலர் விரும்புகிறார்கள். சொலனொயிட்டுக்கும் அக்சுவேற்றருக்கும் இடையே அவை பரவாயில்லை. ஆனால் டீசல் பம்பின் அருகே ஒயில் ஆவி வரும் இடத்தில் சிலிக்கோன் நெடுநாள் தாங்காது. அங்கே ஒயிலைத் தாங்கும் நைற்றைல் இறப்பர் குழாயே பொருத்தம்.

3. எதையும் கழற்றுமுன் படம் எடுத்து, அடையாளம் இடுங்கள்

பொனற்றின் உள்பக்கத்தில் குழாய் வரைபட ஒட்டி இன்னும் இருந்தால் அதைப் படமெடுங்கள். பின்னர் ஒவ்வொரு மெல்லிய குழாயின் இரு முனைகளிலும் ரேப் சுற்றி ஒரே எண்ணை எழுதுங்கள். ஒரு முனையில் மட்டும் எழுதுவது போதாது, ஏனெனில் நடுவில் இரும்புக் குழாய் கூட்டத்துக்குள் நுழைந்து மறுபக்கம் எது எதுவென்று தெரியாமல் போய்விடும்.

இதைத் தவிர்ப்பவர்கள் செய்யும் தவறு எப்போதும் ஒன்றுதான்: அக்சுவேற்றரின் இரு குழாய்களும் இடம் மாறிவிடும். அப்போது 2எச் நிலையில் முன் அச்சு இணைந்தும், 4எச் நிலையில் விடுபட்டும் இருக்கும். வெற்றிடம் சரியாக இருக்கும், கசிவும் இராது, எனினும் விளக்கு மினுங்கும். நாட்கணக்கில் தலையைக் குழப்பும்.

4. பிறேக் பூஸ்டரை முதலில் சோதியுங்கள்

நான்குசில்லு இழுவை வேலை செய்யாவிட்டால் சேற்றில் புதையலாம். பிறேக் வேலை செய்யாவிட்டால் கொழும்பு–காலி வீதியில் முன்னால் நிற்கும் பேருந்தில் மோத நேரும். எனவே எந்தக் குறைக்காகப் பொனற்றைத் திறந்தாலும் முதல் சோதனை பூஸ்டருக்கே. இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலாவதாக, எஞ்சின் நின்றிருக்கும்போது மிதியைப் பல தடவை அழுத்தி, உள்ளிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பின்னர் மிதியை அழுத்திப் பிடித்தபடியே எஞ்சினை இயக்குங்கள். மிதி காலின் கீழ் சற்றுத் தாழ வேண்டும். தாழாவிட்டால் பூஸ்டருக்கு உறிஞ்சல் வரவில்லை, அல்லது வந்தும் அது வேலை செய்யவில்லை.

இரண்டாவதாக, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். இப்போது வழக்கமான பலத்துடன் மிதியை மூன்று தடவை அழுத்தினால், முதல் தடவை ஆழமாகவும் அடுத்தடுத்துக் குறைவாகவும் இறங்க வேண்டும். மூன்று தடவையும் ஒரே உயரத்தில் நின்றால் செக் வால்வோ பூஸ்டரோ வெற்றிடத்தைத் தாங்கி வைக்கவில்லை.

மூன்றாவதாக, எஞ்சின் ஓடும்போதே மிதியை அழுத்திப் பிடித்து, அப்படியே எஞ்சினை நிறுத்தி, 30 விநாடி பிடித்திருங்கள். மிதி காலை மேலே தள்ளக்கூடாது. தள்ளினால் மிதி அழுத்தப்பட்ட நிலையில் பூஸ்டர் கசிகிறது. மிதியருகே குனிந்து கேட்டால் சீறும் ஒலி பெரும்பாலும் கேட்கும்.

பூஸ்டர் பழுதானால் வீட்டில் அதைப் பிரிக்க வேண்டாம். உள்ளே வலிய சுருள்வில் அழுத்தப்பட்டிருக்கிறது. பிறேக்கும் உயிர் சார்ந்த பாகம். முழுதாக மாற்றுங்கள், அல்லது அதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னர், பிறேக் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை முன்னால் இழுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பிறேக் திரவம் கசிந்திருந்தால், அதுதான் பூஸ்டரின் உள்ளே இறங்கி டயபிரத்தைக் கெடுத்திருக்கும். மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் புதிய பூஸ்டரும் அதே வழியில் போகும். மீண்டும் பொருத்தும்போது பூஸ்டர் தண்டின் நீளம் முன்பிருந்தபடியே இருக்க வேண்டும். நீண்டுவிட்டால் பிறேக் முழுமையாக விடுபடாமல் சூடேறும்.

5. பம்பு எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து பாருங்கள்

பம்பிலிருந்து வரும் குழாயில், செக் வால்வுக்கு முன்னர், 'ரீ' இணைப்பு வைத்து மானியைப் பொருத்துங்கள். எஞ்சினை இயக்கி, வெறும் வேகத்தில் (ஆக்சிலரேற்றரை மிதிக்காமல்) ஓடவிட்டு வாசியுங்கள். தளர்ந்த உடையும் தொங்கும் மானிக் குழாயும் காற்றாடிக்கும் பட்டிக்கும் அருகே போகாதபடி பாருங்கள். மூடிய கராஜுக்குள் ஓடவிடாதீர்கள்.

கொழும்பு கடல்மட்டத்தில் இருப்பதால் வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீற்றர் பாதரசம். நல்ல டீசல் பம்பு இங்கே 600 மில்லிமீற்றருக்கு மேல் விரைவாக இழுத்து நிற்கும். 500 ஐ எட்டவே தயங்கினால் பம்பையோ அதன் வாயிலுள்ள முதல் குழாயையோ சந்தேகிக்கலாம். பெற்றோல் எஞ்சினானால், வெறும் வேகத்தில் 430 முதல் 530 வரையான நிலையான வாசிப்பே நல்லது. அங்கு 600 ஐ எதிர்பார்க்க வேண்டாம்.

நுவரெலியாவில் வைத்து இதே பம்பை அளந்தால் வாசிப்புக் குறைவாக இருக்கும். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,870 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே வளிமண்டல அழுத்தமே ஏறத்தாழ 150 மில்லிமீற்றர் குறைவு. உறிஞ்சல் அங்குள்ள வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் போக முடியாது. மலைநாட்டில் வாங்கிய வாகனத்தின் பம்பைக் குறைசொல்லுமுன் அதைக் கொழும்புக்குக் கொண்டுவந்து மீண்டும் அளப்பதே நியாயம்.

வாசிப்புக் குறைவாக இருந்தால், பம்பின் வாயிலேயே மானியை நேரடியாகப் பொருத்தி மறுபடி பாருங்கள். அங்கே நன்றாக இழுத்தால் பம்பு குற்றமற்றது, பிறகுள்ள குழாயே குற்றவாளி. அங்கும் குறைவென்றால் உள்ளிருக்கும் தகடுகள் தேய்ந்திருக்கும், அல்லது ஒயில் போதுமான அளவு வரவில்லை.

வெக்கியூம் குழாய்க்குள் ஒயில் தேங்கியிருந்தால் ஒயில் திரும்பும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். வடிய வழியில்லாத ஒயில் அல்ரனேற்றரின் அச்சு வழியாக உள்ளே கசிந்து கார்பன் பிரஷ்களை நனைக்கும். பற்றரி சரியாக ஏறாத குறை இப்படியும் வரும். மின்சாரக் குறை என்று நினைத்து அல்ரனேற்றரை மட்டும் மாற்றுபவர்கள் ஆறு மாதத்தில் மறுபடி மாற்ற நேர்வது இதனால்தான்.

பழைய அல்ரனேற்றர் வாங்கும்போது பம்போடு சேர்ந்ததை வாங்குவது நல்லது. தனியாக வாங்கினால் அச்சுப் பற்களின் எண்ணிக்கையைக் கடையிலேயே பொருத்திப் பாருங்கள். பொருத்தும்போது ஒயில் குழாயின் செப்பு வாஷர்களைப் புதிதாகப் போடுங்கள், நசுங்கிய பழையவை மறுபடி அடைக்காது. முதல் தடவை இயக்குமுன் பம்பின் ஒயில் வாயில் சிறிதளவு எஞ்சின் ஒயிலை ஊற்றி, அச்சைக் கையால் சுழற்றிவிடுங்கள். உலர்ந்த தகடுகள் முதல் சில விநாடிகளிலேயே கீறல் விழுந்துவிடும்.

6. குழாய்களை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுங்கள்

இந்த வேலையில் பெரும்பாலான குறைகள் இங்கேதான் தீர்கின்றன, எனவே அவசரப்பட வேண்டாம். குழாய் வெளியே பளபளப்பாக இருந்தாலும் மூக்கின்மேல் ஏறியுள்ள வாய்ப்பகுதியை மடித்துப் பாருங்கள். நுண்ணிய வெடிப்புகள் அங்கேதான் திறக்கும். கையால் நசுக்கும்போது கடினமாக இருந்தால் அது மாற்ற வேண்டிய குழாய்.

டீசல் வாகனத்தில் கசிவு எஞ்சின் ஓட்டத்தில் தெரியாது. பெற்றோல் காரில் கசிவு இருந்தால் வெறும் வேகம் தடுமாறும் என்று பழகியவர்கள், டீசல் எஞ்சின் சீராக ஓடுவதைப் பார்த்துக் கசிவே இல்லை என்று நம்பிவிடுகிறார்கள். அதேபோல், கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின்மேல் எரியக்கூடிய தெளிப்பானை அடிப்பதும் கூடாது. தீப்பிடிக்கலாம், உள்ளிழுக்கப்பட்டால் டீசல் எஞ்சின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கலாம். கைப்பம்பே போதும்.

குழாயின் ஒரு முனையைப் போல்ட்டால் அடைத்து, மறுமுனையில் கைப்பம்பால் 400 மில்லிமீற்றர் வரை இழுத்து, ஒரு நிமிடம் பாருங்கள். முள் அசையக்கூடாது. முள் மெதுவாக இறங்கினால் முதலில் உங்கள் இணைப்புகளையே சந்தேகியுங்கள், பின்னரே குழாயை.

பழைய குழாயை மூக்கிலிருந்து இழுத்துப் பிடுங்காதீர்கள். முப்பது ஆண்டுச் சூட்டில் சொலனொயிட்டின் பிளாஸ்டிக் மூக்குகள் கண்ணாடி போல உடையக்கூடியவை. பிளேட்டால் குழாயை நீளவாக்கில் மெல்லக் கீறி, தோல் உரிப்பதுபோல் விரித்து எடுங்கள். மூக்கில் கத்தி பதிந்தால் அந்தக் கீறலே புதிய கசிவாகும், ஆகவே முழு ஆழத்துக்கு வெட்ட வேண்டாம்.

புதிய குழாயைப் பழையதன் அதே நீளத்துக்கு வெட்டுங்கள். சற்று நீளமாக இருந்தால் நல்லதுதானே என்று எண்ணி விடும் மீதிதான் வளைந்து மடிந்து வழியை அடைக்கும்; குட்டையாக வெட்டினால் எஞ்சின் அசையும்போது கழன்றுவிடும். வெளியேற்றும் குழாயையும் ரேர்போவையும் தொடாதபடி பழைய தடத்திலேயே கொண்டு செல்லுங்கள். மெல்லிய குழாய்க்குத் திருகு கிளிப் போட வேண்டாம், அது மூக்கை நசுக்கி வெடிக்க வைக்கும். சரியான அளவுக் குழாய் தானாகவே இறுகும், தேவையானால் சிறு சுருள் கிளிப் போதும்.

சட்டத்தின் ஓரமாக முன் அச்சுக்குப் போகும் இரும்புக் குழாய்களை மறந்துவிடாதீர்கள். வெள்ளவத்தை, தெஹிவளை போன்ற கடலோரத்தில் நிறுத்தப்படும் வாகனங்களில் இவை பிடிப்பான்களின் அடியில் துருப்பிடித்து ஊசித்துளை விடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். பிடிப்பானைக் கழற்றாமல் அத்துளை கண்ணுக்குத் தெரியாது. இக்குழாய்களின் உள்ளே அடைப்பு இருந்தால், இரு முனைகளையும் கழற்றிய பின்னரே காற்றால் ஊதுங்கள்.

அழுத்தக் காற்றைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். ரயர் கடைகளில் காற்று எளிதாகக் கிடைப்பதால் 'ஊதிப் பார்ப்போம்' என்று அக்சுவேற்றரிலும் பூஸ்டரிலும் காற்றடிக்கிறார்கள். ஒரு வளிமண்டலத்துக்கும் குறைவான வேறுபாட்டில் இயங்கச் செய்யப்பட்ட டயபிரம் பல மடங்கு அழுத்தத்தில் கிழிந்துவிடும். நல்ல பாகம் ஒன்று இப்படிப் போவதைப் பார்ப்பது வேதனையானது.

7. செக் வால்வும் சேமிப்புத் தொட்டியும்

செக் வால்வு ஒரு திசையில் மட்டும் காற்றை விட வேண்டும். கழற்றிய வால்வில் பம்பு பக்கத்திலிருந்து கைப்பம்பால் உறிஞ்சினால் காற்று வரும், முள் ஏறாது. மறுபக்கத்திலிருந்து உறிஞ்சினால் முள் ஏறி நிற்கும். இரு பக்கமும் விட்டாலோ இரு பக்கமும் அடைத்தாலோ மாற்றுங்கள். சில வால்வுகள் குழாயின் உள்ளேயே அமுக்கப்பட்டிருப்பதால் வெளியே தெரியாது. குழாயை மட்டும் மாற்றி வால்வைக் குப்பையில் எறிந்தவர்கள் உண்டு. குழாயின் மேலுள்ள அம்புக்குறி உறிஞ்சல் போகும் திசையைக் காட்டும். புதியதையும் அம்பு பம்பை நோக்கும்படி பொருத்துங்கள்.

தொட்டியின் ஒரு வாயை அடைத்து மறுவாயில் 400 வரை இழுத்துப் பாருங்கள். பிளாஸ்டிக் தொட்டியின் தையலிலும் இரும்புத் தொட்டியின் அடியிலும் கசிவு வரும்.

8. சொலனொயிட் வால்வுகள்

இதுவரை எல்லாம் சரியென்றால், சொலனொயிட்டின் நுழைவாய் வரை வெற்றிடம் வருகிறது என்று பொருள். மின்சாரத்தை இந்த இடத்துக்கு முன்னர் தொடாததற்குக் காரணம், வெற்றிடமே இல்லாத இடத்தில் வால்வு திறந்தாலும் மூடினாலும் எந்தப் பயனும் தெரியாது என்பதுதான்.

இரண்டு சொலனொயிட்டுகளின் இணைப்புகளையும் கழற்றி, சுருளின் தடையை மல்ரிமீற்றரால் அளந்து பாருங்கள். 30 முதல் 50 ஓம் வரை, இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கியதாக இருந்தால் நல்லது. முடிவிலி காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. பின்னர் கியர்க் கம்பத்தை மாற்றும்போது இணைப்பில் மின்னழுத்தம் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஃபியூஸ், கம்பத்தின் அடியிலுள்ள நிலைச் சுவிட்சுகள், வயர் ஆகியவற்றின் பக்கம் தேடல் திரும்ப வேண்டும்.

மின்சாரம் கொடுத்ததும் 'டிக்' என்று ஒலித்தால் சொலனொயிட் நல்லது என்று முடிவு செய்வது அடிக்கடி நடக்கும் பிழை. ஒலி வருவது உள்ளிருக்கும் இரும்பு அசைந்ததற்கு மட்டுமே சாட்சி. வால்வின் இருக்கையில் தூசி சிக்கியிருந்தால் அது பாதி திறந்தே இருக்கும். எனவே கைப்பம்பை இணைத்து, மின்சாரம் இருக்கும்போதும் இல்லாதபோதும் வெற்றிடம் நிற்கிறதா, விடுகிறதா என்று இரு நிலையிலும் பாருங்கள். காற்று உள்ளே வரும் துளையின் மேல் சிறு பஞ்சு வடி மூடியொன்று உண்டு. அது சேற்றால் அடைபட்டால் பழைய வெற்றிடம் வெளியேற முடியாமல் அக்சுவேற்றர் நடுவில் நின்றுவிடும். வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் கழுவி, நன்றாக உலர்த்திப் போடுங்கள்.

லேண்ட் குரூஸர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யப்பான் சந்தைக்கென்று செய்யப்பட்ட எச்ஜே61 போன்ற சில டீசல் வகைகள் 24 வோல்ற் மின்சுற்றில் இயங்குபவை. பற்றரிகள் இரண்டும் எப்படி இணைக்கப்பட்டுள்ளன என்று பார்த்து, மின்னழுத்தத்தை அளந்த பின்னரே மாற்றுச் சொலனொயிட் வாங்குங்கள்.

9. அக்சுவேற்றரும் அதற்கு அப்பால் இருப்பதும்

சில்லுகளுக்கு முட்டுக்கொடுத்து, முன்பக்கத்தைத் தாங்கிகளில் ஏற்றி, எஞ்சினை நிறுத்திய பின்னர் அடியில் செல்லுங்கள். அக்சுவேற்றரின் இரு குழாய்களையும் கழற்றி, ஒரு மூக்கில் கைப்பம்பால் 400 வரை இழுங்கள். தண்டு முழுதாக நகர்ந்து, முள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். பின்னர் மற்ற மூக்கில் செய்யுங்கள். தண்டு எதிர்ப்பக்கம் நகர வேண்டும்.

இந்தச் சோதனையில் மறுமூக்கு திறந்தே இருக்க வேண்டும். அதில் குழாய் மாட்டியிருந்தாலோ விரலால் அடைத்திருந்தாலோ, மறு அறைக்குள் காற்று நுழைய வழியில்லாமல் தண்டு நகராது. நல்ல அக்சுவேற்றரைப் பழுது என்று தீர்மானித்துவிடுவீர்கள். இப்படித் தீர்ப்பளிக்கப்பட்டு வீசப்பட்ட ஒன்றை எடுத்துச் சோதித்தபோது அது ஐந்து நிமிடம் முள்ளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

முள் இறங்கினால் டயபிரம் கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். முள் நிற்கிறது, ஆனால் தண்டு நகரவில்லை என்றால் குற்றம் அக்சுவேற்றரில் இல்லை. அச்சுக்குள் இருக்கும் கவையும் அது தள்ளும் வளையமும் இறுகியிருக்கின்றன. பல ஆண்டுகளாக 2எச் நிலையிலேயே நகரத்தில் ஓடிய வாகனத்தில் இது சாதாரணம். சில்லைக் கையால் சற்று முன்னும் பின்னும் சுழற்றிக்கொண்டே மறுபடி இழுத்துப் பாருங்கள், பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டிருந்தால் இந்த அசைவில் இறங்கிவிடும்.

அப்போதும் நகராவிட்டால், முன் அச்சின் டிஃபரென்ஷியல் (சில்லுகளுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரக் கூடு) ஒயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. கொழும்பில் 2016 மே வெள்ளத்தில் நின்ற வாகனங்கள் சிலவற்றின் கவையில் துரு ஏறியிருந்ததற்கு இதுவே காரணமாக இருந்தது. அவற்றில் ஒயிலை மட்டும் மாற்றுவது போதாது, கூட்டைத் திறந்து சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

தண்டு முழுதாக நகர்ந்தும் விளக்கு மினுங்கினால், கூட்டிலுள்ள நிலைச் சுவிட்சைப் பாருங்கள். அச்சு உண்மையில் இணைந்திருந்தாலும் சுவிட்ச் அறிவிக்காவிட்டால் விளக்கு நிலைக்காது. அதன் இரு வயர்களுக்கும் இடையிலான தொடர்பை மல்ரிமீற்றரால் இரு நிலைகளிலும் அளந்தால் தெரிந்துவிடும்.

டயபிரத்துக்கோ தண்டின் இறப்பர் உறைக்கோ பெற்றோலிய எண்ணெய்த் தெளிப்பான் எதையும் அடிக்காதீர்கள், சில இறப்பர்கள் அதில் ஊதிப்போகும். சிலிக்கோன் கிறீஸ் மட்டும் போதும்.

10. குளிரூட்டிக்கான வேக உயர்த்தி

குளிரூட்டி போட்டதும் வெறும் வேகத்தைச் சற்று உயர்த்த, எரிபொருள் பம்பின் நெம்புகோலை இழுக்கும் சிறு டயபிரக் கூடும் அதற்கொரு சொலனொயிட்டும் இருக்கின்றன. சோதனை அதேபோன்றதுதான்: கூட்டில் நேரடியாக உறிஞ்சினால் நெம்புகோல் அசைய வேண்டும், முள் நிற்க வேண்டும். வெப்பமும் நெரிசலும் உள்ள கொழும்பில் குளிரூட்டி எப்போதும் ஓடுவதால் இக்குறையை விரைவில் உணர்வீர்கள். குறையைத் தீர்க்காமல் வெறும் வேகத் திருகாணியைக் கூட்டி வைப்பது பரவலாகச் செய்யப்படுகிறது. அப்படி யாரேனும் திருகியிருந்தால், கூட்டைத் திருத்திய பின்னர் திருகாணியையும் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சின் தேவையின்றி வேகமாக ஓடும்.

மிகப் பழைய பிஜே40 லேண்ட் குரூஸரில் இதைவிடக் கவனம் வேண்டும். அதன் எரிபொருள் பம்பின் வேகக்கட்டுப்பாடே ஒரு வெக்கியூம் டயபிரத்தில் தங்கியிருக்கிறது. அந்தக் குழாய் கழன்றாலோ டயபிரம் கிழிந்தாலோ எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்த எதுவும் இராது. அக்குழாயைக் கழற்றிய நிலையில் எஞ்சினை ஒருபோதும் இயக்காதீர்கள்.

11. சேர்த்த பின்னர் செய்ய வேண்டிய சோதனைகள்

பூஸ்டரின் மூன்று சோதனைகளையும் மீண்டும் செய்யுங்கள். மெல்லிய குழாய்களைத் தொட்டிருந்தாலும் செய்யுங்கள், எல்லாம் ஒரே மூலத்தைப் பகிர்கின்றன. அதன் பின்னர் செக் வால்வுக்கு அப்பால் மானியை வைத்து, எஞ்சினை ஓட்டி நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து வாசியுங்கள். முள் சற்றே தாழ்ந்திருந்தால் பரவாயில்லை. பாதிக்கு வந்திருந்தால் ஏதோ ஒரு மூக்கு இன்னும் கசிகிறது, அடையாளமிட்ட எண்களின் வரிசையில் ஒவ்வொன்றாக அடைத்துத் தேடுங்கள்.

பிறேக் உறுதியான பின்னரே வீதிக்கு எடுங்கள். நேராக, மெதுவாகச் செல்லும்போது 2எச் இலிருந்து 4எச் க்கு மாற்றிப் பாருங்கள். விளக்குகள் சில விநாடிகளில் நிலைக்க வேண்டும். சூப்பர் செலெக்ட் வாகனத்தில் 4எச் நிலையில், முன் பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் நடு டிஃபரென்ஷியல் இயங்குவதால் தார் வீதியில் ஓட்டலாம். 4எச்எல்சி, 4எல்எல்சி நிலைகளில் அது பூட்டப்பட்டுவிடும். அவற்றை மணலிலோ மண்தரையிலோ மட்டுமே சோதியுங்கள். காய்ந்த தார் வீதியில் பூட்டி வளைத்தால், இத்தனை நாள் உழைத்துத் திருத்திய இழுவைத் தொகுதியே முறுக்கேறி உடையக்கூடும்.

ஒரு வாரம் ஓட்டிய பின்னர் பொனற்றைத் திறந்து, அல்ரனேற்றரின் பின்புறச் செப்பு வாஷர்களைச் சுற்றி ஒயில் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு குழாயும் மூக்கில் முழுதாக ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். குழாய்களை மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் தொட்டியின்மேல் பேனாவால் எழுதி வைத்து, மே மாதத்தில் தென்மேல் பருவமழை தொடங்குமுன் ஆண்டுக்கொருமுறை கைப்பம்பைக் கையில் எடுங்கள்.